ஓரத்து ரவை

12 செப்டம்பர் 1981, சனி. அரியலூர்.

இன்று காலை என் கட்டுரையை ஒரு கணித ஆய்விதழுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதிரும் தோலின் விளிம்பை ஒட்டி எவ்வளவு கனமான பட்டை இருந்தாலும், அதன் அகலம் குறைந்துகொண்டே போனால் ஒலி மாறாது என்று அதில் நிறுவியிருக்கிறேன். நிறுவியதாக நினைத்தேன்.

சாயங்காலம் பஜனைக்கு முன்னால் கோவிந்தராசு மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில், சுருதி இறங்குவதற்காக, ரவையைப் பிசைந்து அப்பிக்கொண்டிருந்தார். பகலில் லேத்துப் பட்டறை, சனிக்கிழமையானால் மிருதங்கம். வழக்கம்போல நடுவில்தான் அப்பினார். "ஓரமா, நூல் மாதிரி ஒட்டிப் பாருங்களேன்" என்றேன்.

"ஓரத்துல ஒட்டுனா ஒண்ணும் ஆவாதுங்க சார்" என்று சிரித்தார். ஆனாலும் நடுவில் இருந்ததை வழித்துவிட்டு ஒட்டினார். சத்தம் இறங்கவே இல்லை. எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

அவர் விடவில்லை. பட்டறைப் பையிலிருந்து இரும்புத்தூளை எடுத்து ரவையோடு பிசைந்து, அதே ஓரத்தில் அதே நூலளவுக்கு ஒட்டித் தட்டினார். லேசாகத்தான், ஆனால் சந்தேகமே இல்லாமல் இறங்கியது.

பட்டையின் அகலம் குறையக் குறைய, இந்த இரும்புத்தூள் போல, அதன் கனம் ஏறிக்கொண்டும் போகலாம். இரண்டில் எது முந்துகிறது என்று நான் யோசிக்கவே இல்லை.

"எவ்ளோ தூள் போட்டா மாற ஆரம்பிக்கும் சார்? கணக்குல சொல்லிடலாமா?" என்றார். கல்லூரியில் இத்தனை வருஷமாகக் கணக்கு நடத்துகிறவன் நான். கேள்வியைக் கேட்டவர் அவர்.

கட்டுரையைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரிதான் கடிதம். அதற்குக் கீழே தாள் முழுக்க அவர் கேட்ட கணக்கு.