கடலை பட்டரில் ஒரு சொட்டுத் தண்ணீர்

22 ஏப்ரல் 2012, ஞாயிறு

தயிரை என் வீட்டுக்காரர் பிரசன்னாவின் பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி ஃப்ரிட்ஜுக்குள்ளேயே மேல்தட்டுக் கம்பியில் தொங்கவிட்டாயிற்று. கீழே ஒரு கிண்ணம். வெளியே தொங்கவிட்டால் ஹைதராபாத் வெயிலுக்கு விடிவதற்குள் புளித்துவிடும். நீர் முழுக்க வடிய வேண்டும். அப்போதுதான் உறைந்த பிறகும் மெத்தென்று இருக்கும். இல்லாவிட்டால் பல்லில் நறநறவென்று ஐஸ்.

நாளைக்கு அதில் தேனும் மாம்பழக் கூழும் அடித்து, மினி இட்லித் தட்டின் குழிகளில் வைத்து, நடுவில் நிலக்கடலை பட்டர் ஒரு பொட்டு. அப்புறம் ஃப்ரீஸர். சாப்பாடு என்றாலே கட்டிலுக்கு அடியில் ஒளிகிற என் மகள் ஹர்ஷிதா இதற்கு மட்டும் தட்டோடு வந்து நிற்கிறாள். ஏழு வயதில் இடுப்பில் பாவாடை நிற்காத பெண். இந்த இட்லித் தட்டுதான் அவளைக் கொஞ்சம் தேற்றியது. எத்தனை முறை பாழாக்கி, எத்தனை முறை திரும்பச் செய்து கண்டுபிடித்தேன் என்பது எனக்கும் குப்பைத் தொட்டிக்கும்தான் தெரியும்.

எதிர்வீட்டு உஷா பையனின் பிறந்தநாளுக்கு ஒரு டப்பா நிறையக் கொடுத்தேன். "ஹவ் பா, சூப்பரா இருக்கு! எப்படிப் பண்ணினே?" என்றாள் அவளுடைய ஹைதராபாத் தமிழில். கெட்டித் தயிர், மாம்பழம், கடலை பட்டர் என்றேன். ரகசியமா என்ன?

27 ஏப்ரல்

பிரசன்னாவும் உஷாவும் மாதாப்பூரில் ஒரே ஆபீஸ். இன்றைக்கு வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே சொல்கிறார்: "உஷா இன்னிக்கு உன்னோடது மாதிரியே ஒண்ணு கொண்டுவந்தா. அவளே கண்டுபிடிச்சதாம். எல்லாரும் ரெசிப்பி கேக்கறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நல்லாருக்குன்னேன்."

நல்லாருக்குன்னாராம்!

2 மே

கிளப் ஹவுஸில் ஒரு தின்பண்டக் கவுன்ட்டர் காலியாக இருக்கிறது. கோடை விழாவில் மேடையிலேயே செய்து காட்ட வேண்டும். ஜெயிக்கிறவருக்குக் கவுன்ட்டர், பெயர்ப் பலகையோடு. வேலையை விட்டு எட்டு வருஷம். இந்த அபார்ட்மென்ட்டில் நான் ஹர்ஷிதா மம்மி, பிரசன்னா மிஸஸ். பாமா என்று ஒரு பலகை இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே படியிறங்கிப் போனேன்.

செக்ரட்டரி ஜெகநாதன் சார் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "அந்த ஐட்டம் ஏற்கெனவே பதிவாயிடுச்சே மேடம். உஷா ஃப்ராஸன் பைட்ஸ். ஒரே ஐட்டத்துக்கு ரெண்டு பேர் கிடையாது. நீங்க வேணா ரவா லட்டு பண்ணுங்களேன்."

ரவா லட்டு! திரும்பி வரும்போது லிஃப்டில் உஷா. என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்த வாயை வீட்டுக்கு வந்து கழுவினேன்.

3 மே

கேட்டுவிடலாமா? எதற்கு? ஆமாம் என்பாள், ஒரு சாரி சொல்வாள், விஷயம் முடிந்துவிடும். முடியக் கூடாது. எல்லோர் முன்னாலும் அவள் முழிக்க வேண்டும். நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

8 மே

பருப்பு வெந்ததா என்று மூன்று தரம் பார்த்தேன், உப்புப் போட மறந்துவிட்டேன். அவள் வீட்டு மிக்ஸிச் சத்தம் கேட்டாலே உடம்பெல்லாம் எரிகிறது.

12 மே, சனி

தெய்வம் இருக்கிறது. தானாக நடந்து என் வீட்டு வாசலுக்கே வந்தது.

சாயங்காலம் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரில் விளக்கும் லிஃப்டும்தான், மிக்ஸி ஓடாது. உஷா பதறிக்கொண்டு வந்தாள். "பாமா, ஒரு ஹெல்ப். பட்டர் நான் கடையில பாட்டில் வாங்கித்தான் வெச்சேன். இப்ப அதையும் நாளைக்கு மேடையிலயே அரைக்கணும்னு சொல்றாங்க. கரண்ட் எப்ப வருமோ, டிரையல் பார்க்கவும் முடியலை. எப்படிம்மா அரைக்கறது?"

என் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள்! என் பண்டத்தைத் திருடிவிட்டு, திருடினதில் குறை இருக்கிறது என்று என்னிடமே வருகிறாள்!

நிதானமாகச் சொன்னேன். கடலையை வறுத்து, தோல் தேய்த்து, சூட்டோடு அரை. முதலில் பொடியாகும், பிறகு உருண்டு ஜாரின் ஓரத்தில் அப்பிக்கொள்ளும். வழித்து விட்டு மறுபடி அரை.

"அப்பிக்கிட்டா? ஒரு சொட்டு தண்ணி விடலாமா?"

விடவே கூடாது. பொறுமையாக ஓட்டினால் கடலையே எண்ணெய் விட்டுத் தளர்ந்து வரும். தண்ணீர் பட்டால் களிமண். ஆனால் சட்னி அரைத்துப் பழகின கை. பிளேடு சிக்கினால் டம்ளரைத்தான் தேடும். என் கையே முதல் தடவை அப்படித்தான் போனது.

"உன் இஷ்டம்," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பொய்யே இல்லை. காபி வேண்டுமா என்றுகூடக் கேட்டேன். ஹர்ஷிதா சாப்பாட்டு மேஜையில் பைட்ஸ் உருகுவதற்குள் வேகவேகமாகத் தின்றுகொண்டிருந்தாள்.

நாளைக்கு எந்தப் புடவை? அந்த மயில்கழுத்து நிறம்.

13 மே, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

முன்வரிசைதான். மயில்கழுத்துப் புடவைதான். ஜட்ஜாக ஒரு டயட்டீஷியன் அம்மா, தெலுங்குக்காரர். உஷா உறைந்த பைட்ஸைத் தட்டில் அடுக்கினாள். அந்த அம்மா ஒன்றைக் கடித்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். ஐஸ்! எனக்கு உள்ளுக்குள் வெல்லம். நான் "கெட்டித் தயிர்" என்றதை அவள் பாக்கெட் தயிரென்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். மூட்டை கட்டுவது அவளுக்குத் தெரியாது.

பிறகு மிக்ஸி. பொடியானது. உருண்டது. அப்பியது. உஷா வழித்தாள், ஓட்டினாள், மறுபடி அப்பியது. நெற்றியெல்லாம் வேர்வை. கை பக்கத்திலிருந்த டம்ளருக்குப் போனது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஊற்று, ஊற்று என்று மனசுக்குள் —

"ஆன்ட்டீ! நீள்ளு பொய்யொத்து!"

என் பெண். நாற்காலி மேல் ஏறி நின்று, தண்ணி ஊத்தாதீங்க என்று ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துகிறாள். உஷாவின் கை அப்படியே நின்றது. "பட்டர் பாடைப்போதுந்தி! மா மம்மி எப்புடூ பொய்யது!" பட்டர் கெட்டுவிடுமாம், எங்கள் அம்மா ஊற்றவே மாட்டாளாம்.

ஜட்ஜ் அம்மா சிரித்துக்கொண்டே, இது யார் ரெசிப்பி என்று அவளையே கேட்டார்.

"மா மம்மிதி!"

எல்லோரும் திரும்பினார்கள். யாரோ கை தட்டினார்கள். நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஹால் நிறைய, எல்லோர் முன்னாலும். உஷாவின் முகம் செத்துப்போனதையும் பார்த்தேன். இதற்காகத்தானே பத்து நாளாக வெந்தேன்? ஜெகநாதன் சார் முடிவைப் பிறகு சொல்வதாக மைக்கில் அறிவித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது ஹர்ஷிதா கேட்டாள். தமிழில் கேட்டாள், எப்போதாவதுதான் பேசுவாள். "மம்மி, நேத்து ஆன்ட்டி தண்ணி விடலாமான்னு கேட்டாங்கல்ல? நீ ஏன் வேணாம்னு சொல்லல? மறந்துட்டியா?"

"ஆமா கண்ணு. மறந்துட்டேன்."

"நீ மறக்க மாட்டியே," என்றாள்.

14 மே

ஹர்ஷிதா யாரிடமும் சொல்லவில்லை. பிரசன்னாவிடம்கூட. அதுதான் தாங்கவில்லை. திருடினவள் உஷா, வீட்டுக்குள் தலை குனிகிறவள் நானா? என்ன நியாயம் இது?

17 மே

தயிர் கட்டவில்லை. ஹர்ஷிதாவும் கேட்கவில்லை.

19 மே

நோட்டீஸ் போர்டில் முடிவு போட்டிருக்கிறார்கள். உஷாவின் பெயரை அடித்து, கவுன்ட்டர்: பாமா பிரசன்னா என்று எழுதியிருக்கிறது. உஷாவே வந்து மாற்றச் சொன்னாளாம், ஜெகநாதன் சார் சொன்னார். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்? இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் தயிர் கட்டினேன்.

20 மே, ஞாயிறு

உஷா வந்தாள். வெறுங்கையோடு வரவில்லை, பிறந்தநாளுக்கு நான் கொடுத்த டப்பாவைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. அவளே உட்கார்ந்தாள்.

"ஆபீஸ்ல யார் பண்ணதுன்னு கேட்டாங்க பாமா. நான்தான்னு வாய்ல வந்துடுச்சு. எல்லாரும் ஆஹா ஓஹோன்னாங்க. அப்புறம் எப்படி மாத்திப் பேசறது? திமிருதான். சாரி."

காபி கொடுத்தேன். சர்க்கரை குறைவாகத்தான் போட்டேன்.

"ஒண்ணு கேக்கறேன், நக்கோன்னு சொல்லாதே," என்றாள். "பையன் என்னோடதைத் தொட மாட்டேங்கறான். கல்லு மாதிரி இருக்காம், பாமா ஆன்ட்டிது மாதிரி வேணுமாம். அந்தத் தண்ணி விஷயம் மட்டும்தானா? இல்லை, இன்னும் ஏதாவது நீ எங்கிட்ட சொல்லாம விட்டியா?"

தெரிந்துதான் கேட்கிறாளா? அன்றைக்கு "உன் இஷ்டம்" என்றேனே, அதற்கு அர்த்தம் அவளுக்கு மேடையிலேயே புரிந்திருக்கும். இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் ஆயுசுக்கும் அவள் வீட்டில் ஐஸ்தான்.

மேஜையில் ஹர்ஷிதா. ஸ்பூனை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் மன்னிக்கவில்லை. இப்போது இதை எழுதும்போதும் இல்லை. ஆனால் எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்தேன்.

"இங்க வா," என்றேன் உஷாவிடம். "இந்த மூட்டையைப் பாரு."