லூர்துவின் தொண்டை

10.2.2003, திங்கள்
காலையில் நல்ல பனி. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டது நானும் செல்வியும். பாதி கோணல். ஹாஸ்டலில் மறுபடி ரவா உப்புமா.

கல்லூரிகளுக்கிடையிலான கூடைப்பந்து. புதன் அரையிறுதி, சனி இறுதி. பெரம்பலூருக்கு இதுவரை கப் வந்ததில்லை. எனக்கு இதுதான் கடைசி வருஷம்.

இன்றும் லூர்து என்னை விரட்டினாள். வரதராஜன்பேட்டைக்காரி, முதலாம் ஆண்டு, என் தோள் உயரம்கூட இல்லை. ஆனால் பாயிண்ட் கார்டு. பந்தைக் கொண்டுவருவது அவள், யாருக்கு, எப்போது என்பதும் அவள் முடிவு. எண் சொன்னால் எதிரணி கண்டுபிடித்துவிடுமாம், அதனால் பஸ் ஸ்டாப் பெயர்கள். அப்பா மினி பஸ் கண்டக்டர், வேறென்ன வரும். மீன்சுருட்டி என்றால் இடது மூலை. ஆண்டிமடம் வலது. உடையார்பாளையம் என்றால் நான் வளையத்தின் அடிக்கு ஓடிக் கையைத் தூக்க வேண்டும். கேப்டன் நான், அதட்டுவது அவள். எரிச்சல்தான்.

12.2.2003, புதன்
ஜெயித்தோம்!! எங்கள் மைதானம், எங்கள் கூட்டம். காது கேட்காத சத்தத்தில் லூர்து மட்டும் கத்திக்கொண்டே இருந்தாள். ராத்திரி மெஸ்ஸில் "தோசை" என்று கேட்கிறாள், வெறும் காற்றுதான் வருகிறது. எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

13.2.2003, வியாழன்
சிரித்தது தப்பு. குரல் சுத்தமாக இல்லை. டாக்டர் மாத்திரை கொடுத்து, ஒரு வாரம் பேசவே கூடாது என்றாராம். விளையாடலாம்.

ஆளுக்கொரு வைத்தியம்: மிளகுப் பால், பனங்கற்கண்டு, சித்தரத்தை, உப்புத் தண்ணீர். வார்டன் தந்த கஷாயத்தை ஜன்னல் வழியே ஊற்றினாள். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

சாயங்காலப் பயிற்சி படுமோசம். லூர்து பந்தோடு வருகிறாள், நாங்கள் நான்கு பேரும் பஸ்ஸை விட்டவர்கள் மாதிரி நிற்கிறோம். அவள் எறிந்த பந்து என் முதுகில். கோபம் அவள்மேல் வரவில்லை. அவள் சொல்லாமல் எங்களுக்கு ஒரு அடி நகரத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

14.2.2003, வெள்ளி
வெயில். விரல் பிசகு, பிளாஸ்திரி வாங்க வேண்டும்.

பி.டி. மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நாளைக்கு லூர்துவை உட்காரவைத்து செல்வியை இறக்கலாமா, அவளுக்காவது வாய் இருக்கிறது என்றார். செல்வி நல்ல பெண். பந்தைப் பார்ப்பாள், ஆளைப் பார்க்க மாட்டாள். லூர்து தூண் பக்கம் நின்று ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுகிறாள், கண் முழுக்கத் தண்ணீர்.

"வேணாம் மேடம், லூர்துவே ஆடட்டும். அவ பாக்குறத பாத்து நாங்க கத்துறோம்."

மேடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். தோற்றால் பழி உன்மேல் என்றார். சரி என்றேன். தைரியமெல்லாம் இல்லை.

பிறகு இருட்டும்வரை பயிற்சி. அவள் முகவாய் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்த ஊர். முதலில் பார்ப்பவர் கத்த வேண்டும். இத்தனை நாள் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்ததே இல்லை. எறிவதற்கு முன் உதட்டைக் கடிக்கிறாள்.

15.2.2003, சனி
ஜெயங்கொண்டம். சிமெண்ட் தரை, உள்ளங்கால் எரிகிறது.

முதல் பாதி பின்தங்கினோம். இரண்டு தடவை ஊர் மாற்றிக் கத்தியது நான். மேடம் என் பக்கமே திரும்பவில்லை. இடைவேளையில் லூர்து என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். அப்புறம் பிடிபட்டது. மீன்சுருட்டி! ஆண்டிமடம்! நாலு பேரும் கண்டக்டர்.

கடைசியில் ஒரு புள்ளி பின்னால். நேரம் முடியப்போகிறது. லூர்து கையில் பந்து, எதிரே இரண்டு பேர். உதட்டைக் கடித்தாள், முகவாய் என் பக்கம். உடையார்பாளையம்! நானே கத்தினேன், நானே ஓடினேன். கையைத் தூக்குமுன் பந்து வந்துவிட்டது. போட்டேன். விழுந்தது. விசில்.

மேடம் அழுதார். எல்லோருக்கும் பரோட்டா.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். கப் என் மடியில், லூர்து பக்கத்தில். கண் அசந்துவிட்டேன் போல. கண்டக்டர் "உடையார்பாளையம்" என்றார். சட்டென்று எழுந்து இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. உருண்ட கப்பை லூர்து எட்டிப் பிடித்தாள். டாக்டர் சொன்னதை மறந்து, கரகரவென்று வாயைத் திறந்தாள்.

"பந்து எங்கிட்ட இல்லக்கா. ஒக்காருங்க."