கப்பல்காரர் வீட்டில் அவர்

நவம்பர் 9, ஞாயிறு

மழை விடவில்லை. மகள் கொதோனே வீட்டுக்குள்ளேயே குதித்து ஆடிக் கால் விரலை இடித்துக்கொண்டாள். சரி, எங்காவது போகலாம் என்று மூவருமாகக் கப்பல்காரர் வீட்டைப் பார்க்கப் போனோம். அந்தக் காலக் கப்பல் முதலாளி ஒருவரின் வீடு; நகராட்சி பழுதுபார்த்துத் திறந்துவிட்டிருக்கிறது. இந்த ஊரிலேயே பிறந்த நான் இதுவரை உள்ளே போனதில்லை. என் கணவர் யசுமசா வெளியூர், ஒசாகாக்காரர். அப்படி ஒரு வீடு இருப்பதே அவருக்குத் தெரியாது.

உள்ளே கும்மிருட்டு. எனக்குக் கண்ணே தெரியவில்லை. அவர் மட்டும் விறுவிறுவென்று நடந்தார். ஓரிடத்தில் தலையைக் குனிந்தார். பின்னால் போன நான் உத்தரத்தில் நெற்றியை இடித்துக்கொண்டேன்.

நேரே போய்க் கணப்படுப்பு அருகே உட்கார்ந்தார். சீட்டுக் கொடுக்கும் ஒகுமுரா அம்மா சிரித்தார்: "சரியா எசமானர் எடத்துலயே உக்காந்துட்டீங்களே!"

"இங்கதான் காத்து படாது," என்றார் இவர்.

இவருக்கு யார் சொன்னது?

நவம்பர் 16

மறுபடி போயிருக்கிறார், தனியாக. "அங்க அப்படி என்னங்க இருக்கு?" என்றேன்.

"தூக்கம் வருது. நான் நல்லாத் தூங்கி எத்தன வருஷமாச்சு, உனக்கே தெரியுமே."

தெரியும். அதனால்தான் மேலே கேட்கவில்லை.

டிசம்பர் 3

அவர் வேலை செய்யும் இன்ஷூரன்ஸ் ஆபீசிலிருந்து போன். திங்கட்கிழமையிலிருந்தே வரவில்லையாம். காலையில் டை கட்டிக்கொண்டுதானே கிளம்புகிறார்!

டிசம்பர் 4

கப்பல்காரர் வீட்டில் போய்ப் பார்த்தேன். கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒகுமுரா அம்மா என்னை ஒதுக்குப்புறமாக அழைத்துப் போனார். "கோவிச்சுக்காதீங்கம்மா. ஒத்தாசைதான் பண்றாரு. ஆனா எங்களுக்கே தெரியாத கதவெல்லாம் தெறக்கறாரு..."

கூப்பிட்டேன். கூடவே வந்தார். வலது கைப்பழக்கம் உள்ளவர், சாப்பிடும்போது குச்சிகளை இடது கையில் பிடித்திருந்தார். கொதோனே என்னைப் பார்த்தாள். நான் என் கிண்ணத்தைப் பார்த்தேன்.

டிசம்பர் 11

டாக்டர் சொன்னது: வேலைக் களைப்பு, ஓய்வு தேவை. கேட்பவர்களிடமெல்லாம் இதையே சொல்கிறேன்.

ஜனவரி 6

போய்விட்டார். ஒகுமுரா அம்மா வேலையை விட்டதும் நகராட்சி இவரையே காவலுக்கு வைத்துக்கொண்டது. இனி அங்கேயே தங்கலாம். மாற்றுத் துணிகூட எடுத்துப் போகவில்லை. எதை உடுத்துவார்? அங்கே யாருடைய துணி இருக்கிறது?

ஜனவரி 25

பனி. கொதோனேயைக் கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளையைப் பார்த்தால் மனசு இளகாதா?

வாசலுக்கே வந்து வணங்கி வரவேற்றார். முகம் தெளிந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லை.

"அப்பா, வீட்டுக்கு வாப்பா!" கொதோனே அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

அன்பாகத்தான் சிரித்தார். அவள் விரல்களை மெல்ல விடுவித்தார். பிறகு என்னிடம், "சுட்டிப் பொண்ணா இருக்காளே! இவங்கப்பா வண்டி நிறுத்தப் போயிருக்காரா?" என்றார்.

விளையாட்டா? கண்ணையே பார்த்தேன். இல்லை—விளையாட்டில்லை.

"ஆமாங்க," என்றேன்.

ஐயோ, ஏன் அப்படிச் சொன்னேன்?

பிப்ரவரி 2

கொதோனேயைக் கப்பல்காரர் வீட்டுத் தெருவை விட்டுக் கடற்கரைச் சாலை வழியாகச் சுற்றிக் கூட்டிப்போய்ப் பள்ளியில் விட்டேன். ஏன் இந்த வழி என்று அவள் கேட்கவில்லை.