பதிமூன்று மீட்டர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். முதலில் இது: குவாரி முகாமின் டேப்லெட்டில் இருக்கும் வெடி வழிகாட்டியில், எவ்வளவு தூரம் விலகி நிற்க வேண்டும் என்ற பக்கத்தை நம்பாதீர்கள். வியாழக்கிழமை முதல் நீங்கள் சின்ன வெடிகள் வைக்கப்போவதாக அம்மா சொன்னார். அதற்குள் இது உங்கள் கைக்கு வர வேண்டும்.

குவாரி அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் அம்மாவுக்கு மணிக்கட்டு வலித்த வாரம், அலுவலக இணையதளத்தில் அந்தச் சமன்பாட்டை அடித்தது நான்தான். வெடிமருந்தின் எடைக்குக் கனமூலம் கண்டு, நாற்பதால் பெருக்க வேண்டும். அடுக்கில் வர வேண்டியது 1/3. ஆனால் அடுக்குக்குறி (^) போட்டால், அடுத்து நிற்கும் ஒரே எழுத்துதான் மேலே ஏறுமாம். முழுதும் ஏற, சுருள் அடைப்புக்குறிக்குள் போட வேண்டுமாம். இன்று வகுப்பில் கணினி டீச்சர் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். நான் அந்த அடைப்புக்குறியைப் போடவில்லை. 1 மட்டும் மேலே போய்விட்டது. கீழே நிற்கும் 3, எடையை மூன்றால் வகுக்கச் சொல்கிறது.

இருபத்தேழு கிலோவுக்கு 120 மீட்டர் போதும். பக்கம் 360 என்கிறது. போன தடவை வந்தபோது, “எஞ்சினியர் நம்மள நடக்க விட்டே கொல்றாரு” என்று சிரித்தீர்களே, அது என் பிழை. ஆனால் ஒரு கிலோவுக்கு நாற்பது மீட்டர் வேண்டும். பக்கம் பதிமூன்று என்கிறது. மூன்று முறை போட்டுப் பார்த்தேன். பதிமூன்றுதான்.

பக்கத்தைத் திருத்திவிட்டேன். உங்கள் டேப்லெட்டில் இருப்பது பழைய பிரதி. அங்கே சிக்னல் இல்லை. வயர்லெஸ்ஸிலும் யாரும் எடுக்கவில்லை. அம்மா இங்கே அலுவலகத்தில் இருக்கும் எஞ்சினியரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

தண்ணீர் லாரி டிரைவர் மாமா காலையில் கிளம்புகிறார். “உங்கப்பா கையிலதான் குடுப்பேன், அழாத கண்ணு” என்றார். “எங்க வீட்டு புரொபசர் போட்ட கணக்கு, இதைப் போய் சரிபார்ப்பாங்களா?” என்று முகாமில் எல்லோரிடமும் நீங்கள் பெருமையடிப்பதையும் அவர்தான் சொன்னார்.

சரிபாருங்கள் அப்பா. எப்போதும் போல என்னை நம்பிவிடாதீர்கள்.

இருமல் குறைந்ததா? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? பதிலை மாமாவிடமே கொடுத்தனுப்புங்கள். ஒரு வரி போதும். வேறு யாரையும் எழுதச் சொல்லாதீர்கள். உங்கள் கையெழுத்தில் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகள்
(புரொபசர் என்று போட இன்று மனம் வரவில்லை)