நான்கு ஆட்டினும் ஒரு கவிழ்த்த சீட்டும்

அக்கா,

மகள் வாங்கி வந்த கம்ப்யூட்டரில் இன்டர்நெட் வழியாகச் சீட்டாடுகிறாள். எதிரில் ஆளே இல்லை. திரையில் சீட்டு விழும்போது ‘சரக்’கென்று ஒரு சத்தம். சாமி விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. மூன்று நாளாக மனம் ஓரிடத்தில் உட்காரவில்லை.

“நெசமும் புளுகும் கலந்தே ஆடணும்மா, இல்லேன்னா கண்டுபிடிச்சிடுவாங்க,” என்கிறாள். இதை நீங்கள் அன்றே, நாம் ஒன்றாக இருந்த பிரிக்பீல்ட்ஸ் வீட்டுச் சமையற்கட்டிலேயே சொல்லிவிட்டீர்கள்.

அண்ணன் தம்பி இருவரும் ரயில்வே வேலைக்குப் போனபின், அவர்களைக் கட்டிய நாம் இருவரும் புளியங்கொட்டை வைத்து ஆடுவோம். ஆளுக்கு ஐந்து சீட்டு. அதில் ஒன்று கவிழ்ந்திருக்கும். மற்ற நான்கும் ஒவ்வொன்றாகத் திறக்கும். திறக்கத் திறக்கக் கொட்டை வைக்க வேண்டும். முதல் சுற்றுகளில் நீங்கள் நல்ல சீட்டு இல்லாமலே கொட்டை வைத்துத் தாராளமாகப் புளுகுவீர்கள், போகப்போகக் குறைப்பீர்கள், கடைசிச் சுற்றில் எப்போதாவதுதான். மளிகை நோட்டின் பின்பக்கத்தில் அதையெல்லாம் குறித்து வைத்திருந்தேன். பார்த்துவிட்டு, “என்னடி, சி.ஐ.டி. வேலையா?” என்று சிரித்தீர்கள்.

நான் புளுகியதே இல்லை. நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு எப்படி?

“நீ நாலு கொட்டை வச்சாலே நான் சீட்டைப் போட்டுட்டு எழுந்திடுறேன் லா. அப்புறம் எப்படி ஜெயிப்பே? நடுநடுவுல கொஞ்சம் புளுகு. அப்பத்தான் உன் நெசமும் விலைபோகும்,” என்பீர்கள்.

கிள்ளானில் மாமியார் பக்கவாதத்தில் விழுந்தார். நம்மில் ஒருத்தி அங்கேயே போய்த் தங்க வேண்டும். “நீங்களே பேசி முடிவு பண்ணிக்குங்க,” என்று ஆண்கள் நழுவிவிட்டார்கள். நீங்கள் பாலர் பள்ளி வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆனாலும், “வா, சீட்டுலயே பாத்திடுவோம். தோத்தவ கிள்ளானுக்கு,” என்றீர்கள்.

உங்களுக்கு இரண்டு ராணி. என் முன்னால் திறந்திருந்த நான்கும் சிவப்பு ஆட்டின். கவிழ்ந்திருந்ததும் ஆட்டினாக இருந்தால் ஐந்தும் ஒரே இனம், ஜெயம் எனக்கு. இல்லாவிட்டால் உங்கள் ராணிகளுக்கு. ஒரு சுற்றிலும் நான் தயங்கவில்லை. கடைசியில் இருந்த கொட்டையெல்லாம் தள்ளி வைத்தேன். நீங்கள் சீட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தீர்கள்.

“நீ புளுக மாட்டே,” என்று ராணிகளைக் கவிழ்த்து ஆட்டத்தை விட்டுக்கொடுத்தீர்கள்.

வெள்ளிக்கிழமைக் கோயில் வேலையை விட முடியாது, அதனால்தான் இங்கே இருக்கிறேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். உண்மையில் மாமியாரின் வாய்க்குத்தான் பயந்தேன். ஒன்பது வருஷம் அந்த வாயையும் அந்தப் படுக்கையையும் நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள். பாலர் பள்ளிக்குத் திரும்பவே இல்லை. ஒருமுறை நான் வந்திருந்தபோது பக்கத்து வீட்டம்மாவிடம், “என் ஓரகத்திக்குப் பொய்யே வராது ஆன்டி,” என்றீர்கள். நான் தேத்தண்ணீரைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவி வைத்தேன்.

இன்றும் கோயிலில் யாராவது, “இந்தம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றால் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறேன். தினமும் சில்லறையாகப் புளுகியிருந்தால் அன்று என்னைச் சந்தேகப்பட்டிருப்பீர்கள். அத்தனை வருஷத்து உண்மையையும் ஒரே ஆட்டத்தில் உங்கள்மேல் இறக்கிவிட்டேன்.

அன்று கவிழ்ந்திருந்த என் சீட்டு கறுப்புக் கிளாவர் ஏழு, அக்கா.