பத்தரைக்குள் கிளப்பிய கார்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? ஜொகூரில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன். போனில் பேசினால் ஸ்பீக்கரைப் போட்டுவிடுவீர்கள், மாப்பிள்ளைக்கும் கேட்டுவிடும். அதனால்தான் கடிதம்.

போன வெள்ளிக்கிழமை தினகரன் மாப்பிள்ளை தன் சின்னக் காரோடு எங்கள் பட்டறைக்கு வந்தார். எஞ்சினை டியூன் செய்து வேகத்தைக் கூட்டியதில், காற்றை ஊதித் தள்ளும் பழைய டர்போ தாங்கவில்லை. பெரியதாக ஒன்றை மாட்டினேன். புது டர்போவுக்குள் எண்ணெய் ஏறிய பிறகுதான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். கால் மணி நேரம் கேட்டேன்.

"பத்தரைக்கு ராகு காலம் லா மச்சான்!" என்று அவரே கிளப்பிவிட்டார். டர்போ காய்ந்தபடியே சுற்றியது. மெல்லிய விசில் கேட்டது.

"கழட்டிப் பாத்துடறேன்" என்றேன்.

"பெருசுன்னா அப்படித்தான் பாடும். வீட்ல சொல்லி பயமுறுத்தாத" என்றார். நானும் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பிவிட்டேன்.

பெரிதாக ஒன்றுமில்லை. நேற்று காரிலிருந்து பேசினார். அவர் குரலைவிட விசில்தான் சத்தமாகக் கேட்டது.

எனக்கு ஒரு போத்தல் ஊறுகாய் வேண்டும். தனியாகச் சாப்பிட்டால் சோறு இறங்குவதில்லை. பகாவிலிருந்து வரும் பஸ்ஸில் கொடுத்தனுப்புங்கள், மாப்பிள்ளையிடம் வேண்டாம்.

முதலாளி கூப்பிடுகிறார். சனிக்கிழமை தங்கச்சி ரூபிணியைச் செக்கப்புக்குச் சிரம்பான் கூட்டிப்போக மாப்பிள்ளை நல்ல நேரம் பார்ப்பார். நீங்கள் காருக்குப் பின்னால் போய், டர்போவில் எண்ணெய் கசிந்து எரியும் நீலப் புகை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் தங்கச்சியை ஏறவிடாதீர்கள்.

வராவிட்டாலும் ஏறவிடாதீர்கள், அம்மா.

குணாளன்