வயதா, வியாதியா என்று கேட்டாயே அக்கா

என் உயிரான ரூத் அக்காவுக்கு,

ஜோகுபாளையத்து வீட்டில் இப்போது நான் மட்டும்தான். வாசற்கதவைப் பூட்டிச் சாவியை ஒளித்துவைக்கும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. சொல்லாமல் வெளியே போய்விட இனி இங்கே யார் இருக்கிறார்கள்?

இன்று ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். உன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கேட்டவள் இல்லை, அதனால் காகிதத்திடம் சொல்கிறேன்.

பிளேக் வந்த காலத்தில், ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடியபோது நோயாளிகளின் கட்டிலருகே நின்ற நர்ஸ் நீ. அதே நீ, அறுபதைத் தாண்டியதும் வேதப்புத்தகத்தை அரிசிப்பானைக்குள் வைத்துவிட்டு என்னைத் திருடி என்றாய். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போன நீ வீடு திரும்பவில்லை. தேடிப்போனால், ஜீவனஹள்ளியில் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, "உள்ள காய்ச்சல்காரங்க இருக்காங்க, யாரும் போகாதீங்க!" என்று அந்த வீட்டுக்காரரையே தடுத்துக்கொண்டிருந்தாய். பிளேக் போய் நாற்பது வருஷமாகியிருந்தது.

"பைத்தியம் முத்திடுச்சு, எங்கயாவது சேர்த்துடலாம்" என்றான் நம் தம்பி ஞானமுத்து. நான் சம்மதிக்கவில்லை. வயதானவர்களுக்கு ஏன் நினைவு தப்புகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த அந்தக் கன்னடக்கார டாக்டரிடம் உன்னைக் கூட்டிப்போனேன்.

ஆஸ்பத்திரி வாசனை பட்டதும் உனக்குள் இருந்த நர்ஸ் எழுந்துகொண்டாள். நிமிர்ந்து உட்கார்ந்தாய்.

"டாக்டர், எனக்கு வந்திருக்கிறது வயசா, வியாதியா?"

"உசிரோட இருக்கும்போது நிச்சயமா சொல்ல முடியாதும்மா. மூளையை எடுத்துப் பார்த்தாதான் தெரியும்."

"அப்ப நான் செத்தப்புறம் பாருங்க. பார்த்துட்டு இவகிட்ட சொல்லுங்க" என்று என்னைக் காட்டினாய். அப்போது நான் யாரென்று உனக்குத் தெரிந்திருந்ததா, அக்கா? பெயரைச் சொல்லியிருக்கக்கூடாதா?

மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் நீ போனாய். நான் டாக்டருக்கு ஆள் அனுப்பியது தெரிந்ததும் ஞானமுத்து கதவை மறித்துக்கொண்டு நின்றான்.

"தலையைப் பொளந்து குடுத்துட்டு, உயிர்த்தெழற நாள்ல அவ எப்படி எழுந்திருப்பா?"

"மண்ணுல இருந்து மனுஷனையே செஞ்சவரு, என் அக்காவுக்கு ஒரு மூளை செஞ்சு தரமாட்டாரா?"

"அவளுக்குத்தான் புத்தியில்ல. உனக்குமா இல்ல?"

"அவ புத்தியோட சொன்னதுடா இது. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

கடைசியில் கதவைவிட்டு விலகினான். உன்னை அடக்கம் செய்த கையோடு போனவன்தான். கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. கோயிலில் என்னைக் கண்டால் பேரப்பிள்ளைகளை மறுபக்கம் இழுத்துக்கொள்கிறான். பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் தலையசைப்பார்கள்; பேசமாட்டார்கள். செய்தது சரிதானா என்று கேட்க உன்னைத் தவிர எனக்கு ஆளில்லை. நீயோ பதில் சொல்கிற இடத்தில் இல்லை.

இன்று டாக்டர் என்னை மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தார். "ஸ்வல்ப, கொஞ்சம் குனிஞ்சு பாருங்கம்மா" என்றார். முதலில் என் கண்ணிமைதான் தெரிந்தது. பிறகு வெளிர் மஞ்சளில் ஒரு பரப்பு, உன் மூளையிலிருந்து சீவி எடுத்த மெல்லிய துண்டு. அதில் அங்கங்கே கருப்பாக, சிக்குப் பிடித்த நூல்போல முடிச்சுகள்.

"இது வயசு இல்லம்மா, வியாதி. வயசான எல்லாருக்கும் இப்படி ஆகாது. அவங்க வேணும்னு உங்களைத் திட்டல. வேணும்னு மறக்கவும் இல்ல."

"மருந்து?"

"இல்ல. என் காலத்துல வருமான்னும் தெரியல."

வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை நான். என் பெயர் அந்த முடிச்சுகளில் எதற்குள் சிக்கிக்கொண்டது என்று தேடினேன். அழுதேன் என்று நினைக்காதே. உன்னைப் பைத்தியம் என்றவர்கள் எல்லோரையும் அந்த நாற்காலியில் உட்காரவைக்கவேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

புறப்படும்போது டாக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். நோய்ப்பட்ட மூளை மட்டும் போதாதாம். முதுமையிலும் தெளிவாக இருப்பவர்களுடையதும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். முதுமையில் ஒருவரைக் காப்பது எது என்று அப்போதுதான் புரியுமாம். ஒரே தாய் வயிற்றில் பிறந்து, ஒரே சோற்றைத் தின்று, ஒரே வீட்டில் கிடந்த இன்னொருத்தி என்றால் அவருக்குப் பெரிய உதவி.

சரி என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்து ஜட்கா வண்டியில் ஏறியபிறகுதான் உறைத்தது: உனக்கு ஆளனுப்ப நான் இருந்தேன். எனக்கு யார் அனுப்புவார்கள்?

அதற்கு ஒருவரைத் தேடிப்பிடிப்பேன், அக்கா. ஞானமுத்து வீட்டுக் கதவையே முதலில் தட்டுவேன். திறக்காவிட்டால் மறுபடி தட்டுவேன். அதுவரை டாக்டர் மாதாமாதம் என் நினைவைச் சோதிக்கப்போகிறார். கூடப் பிறந்தது யார், கூடப் படுத்துறங்கியது யார், முதன்முதலில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தது யார் என்றெல்லாம் கேட்பாராம். எதைக் கேட்டாலும் உன் பெயரைத்தான் சொல்லவேண்டியிருக்கும். ஒன்றுவிடாமல் சொல்வேன்.

உனக்குப் பின் பிறந்தவள்,
எஸ்தர்